கிழிச்ச நோட்ஸில் ஒரு கார்த்திகை விளக்கு



இன்னைக்கு சுகர், பிரஷர் பதிவு இல்லை. காகிதம் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம். நடுவுல வழக்கம்போல மருத்துவமும் வரும். பொறுமையா படிங்க.

படத்துல என் வீட்டு வாசல்ல தொங்குதே ஒரு விளக்கு, அது கடையில வாங்கினது இல்லை. அதோட காகிதத்தையும் நாங்களே செஞ்சோம். "நாங்க"ன்னா நானும், 8 வயசுப் பொண்ணு ஒருத்தியும். அவளோட அம்மாவின் அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

கதை போன வருஷக் கார்த்திகை ராத்திரியில ஆரம்பிக்குது.

ஏற்காட்டுல கார்த்திகை மாசம்னா சாயங்காலம் 5 மணிக்கே மூடுபனி இறங்கிடும். அதுக்குள்ள ஒவ்வொரு வாசல்லயும் அகல் எரியறது பார்க்கவே அவ்ளோ அழகா இருக்கும். காபி எஸ்டேட் லைன் வீடு ஒண்ணுல இந்தப் பாப்பா புதுப் பாவாடை சட்டையோட விளக்கு ஏத்திட்டிருந்திருக்கா. பட்டு மாதிரி மின்னுற நைலான் துணி. முன்வரிசை அகலைத் தாண்டிக் கையை நீட்டி பின்வரிசை அகலை ஏத்தப் போனப்ப, சட்டைக் கை பத்திக்கிச்சு.

பாட்டி கம்பளியைப் போட்டுச் சுத்தி நெருப்பை அணைச்சுட்டாங்க. அது ரொம்பச் சரியான வேலை. அடுத்து யாரோ டூத்பேஸ்ட் தடவிட்டாங்க. அது ரொம்பத் தப்பான வேலை.

என்கிட்ட வரும்போது வலது கையில விரல்லேர்ந்து முழங்கை வரைக்கும் வெந்துபோயிருந்தது. நைலான் எரியறதோட நிக்காது, உருகித் தோல்ல ஒட்டிக்கும். கழுவினேன். வலிக்கு ஊசி, டிடி ஊசி, ட்ரிப் எல்லாம் போட்டு, 108-ல சேலத்துக்கு அனுப்பினேன். 20 கொண்டை ஊசி வளைவு. பனியில வண்டியோட சிவப்பு விளக்கு முதல் வளைவுலயே மறைஞ்சுபோச்சு.

நான் எம்.பி.பி.எஸ். மட்டும் படிச்சவ. எனக்கு சர்ஜரி படிக்கணும்னு ஆசை. அன்னைக்கு ராத்திரி அந்த வண்டி போன திசையைப் பார்த்து நின்னப்ப அந்த ஆசை வெறியாவே ஆச்சு.

நாலாவது முறையா நீட் பி.ஜி. எழுதினேன். 200 கேள்வி, மூணரை மணி நேரம். மலையில வேலை பார்த்தா ஊக்க மதிப்பெண் உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்தும் நான் கேட்ட சீட் வரலை.

"மேடம், நீங்க வெறும் எம்.பி.பி.எஸ். தானா?" இந்தக் கேள்வியை அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள் எல்லாருமே கேட்டிருப்போம். பேஷன்ட் கேட்டா சிரிச்சுட்டுப் போயிடலாம். ராத்திரி நம்மளே நம்மைக் கேட்டுக்கும்போது சிரிப்பு வராது.

ரிசல்ட் வந்த வாரம், அலமாரியில இருந்த நோட்ஸ் கட்டையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டேன். எட்டு வருஷக் கையெழுத்து. பழைய பேப்பர்காரர் கிலோவுக்கு 12 ரூபா சொன்னார். கொடுத்தா என்ன ஆகும்? பஜ்ஜிக் கடைக்குப் போகும். அச்சு மை படிஞ்ச தாள்ல பலகாரம் மடிச்சுத் தின்னாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்ற நானே அதைச் செய்யக் கூடாதுன்னு திருப்பி உள்ளயே வச்சுட்டேன். உண்மையில கொடுக்க மனசு வரலை. அதுதான் காரணம்.

இதுக்கு நடுவுல பாப்பாவுக்கு சேலம் அரசு மருத்துவமனையில தோல் ஒட்டுச் சிகிச்சை செஞ்சாங்க. நல்லபடியா ஆறிடுச்சு. ஆனா தீக்காயத்துல புண் ஆறினதும் வேலை முடியறதில்லை. வடு மாசக் கணக்கா இறுகிக்கிட்டே போகும். விரலைத் தினமும் மடக்கி நீட்டலைன்னா அப்படியே பிடிச்சுக்கும். அதுக்குப் பந்து கொடுத்து, தினமும் அமுக்கணும்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க.

பாப்பா பந்தைத் தொட மாட்டேன்னுட்டா. "வலிக்குது மிஸ்"ன்னு ஒரே அழுகை. (அவளுக்குக் கைப்பை வச்சிருக்கிற பொம்பளைங்க எல்லாரும் மிஸ்தான்.)

ஒருநாள் ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்கன்னு, நனைஞ்ச பேப்பரைப் பிசைஞ்சு கிளி பொம்மை செஞ்சு எடுத்துட்டு வந்தா. இடது கையால மட்டும் செஞ்சது. "வலது கையாலயும் பிசைஞ்சா இன்னும் பெருசா செய்யலாம்டா"ன்னேன். "பேப்பர் தீர்ந்துபோச்சு மிஸ்"ன்னா.

என்கிட்டதான் 11 கிலோ இருக்கே!

பிசியோதெரபிஸ்ட்கிட்ட கேட்டேன். தோல் முழுசா ஆறிடுச்சு, தாராளமா செய்யலாம்னார். (முக்கியமான விஷயம்: நாங்க கிழிச்சது என் சொந்த நோட்ஸ் மட்டும்தான். நோயாளி பேரு இருக்கிற எந்தத் தாளையும் இந்த மாதிரி வேலைக்குத் தொடக் கூடாது.)

இப்ப காகிதம் எப்படி ஆகுதுன்னு பார்ப்போம்.

காகிதத்தை ஒட்டி வச்சிருக்கிறது பசைன்னு நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லைங்க. தாவரத்துல இருக்கிற செல்லுலோஸ் இழைகளைத் தண்ணியில ஊறவச்சு அடிச்சா, இழையோட மேல்பக்கம் சிலும்பி மயிர் மயிரா பிரியும். அதை வலையில அள்ளினா தண்ணி வடியும். கடைசித் தண்ணி காயும்போது இழைகளைப் பக்கத்துல பக்கத்துல இழுத்து வைக்கும். நெருங்கி வந்த இழைகளுக்கு நடுவுல ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகும். அவ்ளோதான் காகிதம். திரும்பத் தண்ணியில போட்டா அந்தப் பிணைப்பு விட்டுடும். அதனாலதான் பழைய தாளை ஊறவச்சுப் புதுத் தாள் பண்ண முடியுது.

நோட்ஸை ஒரு அங்குலத் துண்டாக் கிழிச்சு ராத்திரி முழுக்க ஊறப் போட்டோம். மறுநாள் பாப்பா ரெண்டு கையாலயும் பிசைஞ்சா. சமையலுக்கு உதவாத பழைய மிக்ஸியில, ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு கைப்பிடிங்கிற கணக்குல அடிச்சேன். சட்டத்துல அள்ளினோம். காய்ஞ்சது. எடுத்து லேசா வளைச்சேன். அப்பளம் மாதிரி உடைஞ்சுது!

ஏன்னு தேடிப் படிச்சப்பதான் புரிஞ்சுது. ஒருமுறை காகிதமாகிக் காய்ஞ்ச இழை விறைச்சுப்போயிடும். மறுபடி அடிக்கும்போது இன்னும் குட்டையாகும். ஒவ்வொரு சுற்றுலயும் பலம் குறையும். போதாக்குறைக்கு நாம எழுதற தாளோட இழை மொதல்லயே குட்டைதான். கரூர் பக்கம் காகிதபுரத்துல டி.என்.பி.எல். ஆலை இருக்கே, அங்க கரும்புச் சக்கையில காகிதம் செய்றாங்க. சக்கை, யூக்கலிப்டஸ் மாதிரி இழையெல்லாம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஜப்பான்காரங்க விளக்குக் கூட்டுக்குப் போடுற வாஷி காகிதத்துக்கு கோசோங்கிற செடியோட பட்டையை எடுப்பாங்க. அந்த இழை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அதனாலதான் அந்தத் தாள் மெல்லிசா இருந்தும் கிழியாது. வாஷி செய்யற கலையை 2014-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க.

பழைய இழை மட்டும் போதாது, நீளமான புது இழை கலக்கணும். சரி, ஏற்காட்டுல கோசோவுக்கு எங்க போறது?

பாப்பாவோட பாட்டி கொல்லையைக் காட்டினாங்க. தார் வெட்டின வாழை சாஞ்சு கிடந்தது. "நார் வேணும்னா இதுல இல்லாததா டாக்டரம்மா?"

பூக்கட்ட நார் கிழிக்கிற நாட்டுக்காரி நான். எனக்கு அது தோணவே இல்லை.

கையால காகிதம் செய்யறதுல நம்ம ஊர்க்காரர் ஒருத்தரோட பங்கை இங்க சொல்லியே ஆகணும். 1892-ல தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டன்ல கணக்காயர் படிப்பு, அமெரிக்காவுல பொருளாதாரம். எல்லாத்தையும் விட்டுட்டு காந்தியோட சேர்ந்தவர். 1934-ல தொடங்கின அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தோட செயலாளர். எண்ணெய்ச் செக்கு, தேனீ வளர்ப்போட கைக்காகிதத்தையும் கிராமத்துக்குச் சோறு போடுற தொழிலா வளர்க்கப் பாடுபட்ட சங்கம் அது. இன்னைக்கும் ஜெய்ப்பூர் பக்கம் சாங்கனேர்ல இருக்கிற தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பேருதான். நமக்குப் பக்கத்துல புதுச்சேரியில அரவிந்தர் ஆசிரமத்தோட கைக்காகிதத் தொழிற்சாலை 1959-லேர்ந்து இருக்கு. அங்க பருத்தித் துணித் துண்டுதான் மூலப்பொருள். துணியிலேர்ந்தும் வரும், வாழையிலேர்ந்தும் வரும். செல்லுலோஸ் இருந்தா போதும்.

செய்முறையைச் சொல்றேன். வீட்டுல செய்யறவங்க குறிச்சுக்கோங்க.

1. வாழைத்தண்டோட மேல் மட்டையை உரிச்சு, மழுங்கின கத்தியால சுரண்டினா சதை போய் நார் நிக்கும். காய வச்சு, ஒரு அங்குலத்துக்கு வெட்டிக்கோங்க. நீளமா விட்டா மிக்ஸி பிளேடுல சுத்திக்கும்.

2. காய்ஞ்ச நார் 100 கிராமுக்குச் சலவை சோடா 20 கிராம். மூழ்குற அளவு தண்ணியில மூணு மணி நேரம் வேகணும். எவர்சில்வர் பாத்திரம்தான். அலுமினியத்தைச் சோடா அரிக்கும். ஜன்னல் திறந்த இடத்துல, பெரியவங்க மட்டும் செய்யற வேலை இது.

3. இணையத்துல சிலர் காஸ்டிக் சோடா போடச் சொல்றாங்க. டாக்டரா கேட்டுக்கிறேன், வேண்டாம். கண்ணுல ஒரு துளி தெறிச்சா பார்வை போகலாம். தண்ணின்னு நினைச்சு ஒரு வாய் குடிச்சுட்டு, உணவுக்குழாய் சுருங்கிப்போய் வருஷக் கணக்கா ஆஸ்பத்திரிக்கு அலையற குழந்தைகளைப் பார்த்திருக்கேன்.

4. வெந்த நாரைக் கையில வழவழப்பு போற வரைக்கும் அலசணும். அப்புறம் உரல்ல போட்டு இடிக்கணும். பஞ்சு மாதிரி ஆகிடும்.

5. மூணு பங்கு நோட்ஸ் கூழ், ஒரு பங்கு வாழைக் கூழ். பெரிய டப்புல நிறையத் தண்ணி விட்டு, மோர் மாதிரி நீர்க்கக் கரைச்சுக்கணும்.

6. பழைய போட்டோ பிரேம்ல கொசுவலையை இறுக்கி ஆணி அடிச்சா அதுதான் அச்சு. சாய்ச்சு உள்ளே விட்டு, மட்டமாத் தூக்கி, தண்ணி வடியும்போதே முன்னும் பின்னும் பக்கவாட்டுலயும் ஒரு குலுக்கு. இழைகள் ஒண்ணுக்கொண்ணு குறுக்கே விழுந்து பின்னிக்கிறது அந்தக் குலுக்கல்லதான்.

7. ஈரமான பழைய வேட்டித் துண்டு மேல கவிழ்த்து எடுத்தா தாள் துணியில ஒட்டிக்கும். அடுக்கி, ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு மேல ஏறி நிக்கணும். அந்த வேலையைப் பாப்பா குதிச்சு குதிச்சு செஞ்சா.

சில தாள்ல ஈரத்தோட ஈரமா சில்வர் ஓக் இலையையும் வச்சோம். காபிச் செடிக்கு நிழல் கொடுக்க எஸ்டேட் பூரா வச்சிருக்கிற மரம். இலையோட அடிப்பக்கம் வெள்ளி பூசின மாதிரி இருக்கும்.

அப்புறம் வந்தது ஏற்காட்டுப் பனி. தாள் காயவே இல்லை. நாலாம் நாள் பார்த்தா கறுப்புப் புள்ளி, பூஞ்சை! அந்த அடுக்கு மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன். வீட்டுல வீசிங் இருக்கிறவங்க இருந்தா பூஞ்சை பிடிச்ச எதையும் வச்சுக்காதீங்க. அடுத்த முறை துணியோட சேர்த்தே இஸ்திரி போட்டுக் காய வச்சேன். வேலை முடிஞ்சுது.

காய்ஞ்ச தாளை ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சேன். எக்ஸ்ரே பார்க்கிற பழக்கம். இழை கூடின இடம் இருட்டா, குறைஞ்ச இடம் வெளிச்சமா தெரிஞ்சுது. வாழை நார் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கோடு கோடா ஓடிச்சு. வளைச்சேன். உடையலை.

கூட்டுக்கு மூங்கில். சுகர் மாத்திரை வாங்க வர்ற, கூடை முடையற தாத்தா ஒருத்தர் சிம்பு கிழிச்சுக் கொடுத்தார். நான் வளைச்சதைப் பார்த்து, "தோல் பக்கம் வெளியே இருக்கட்டும் டாக்டரம்மா. உள்பக்கம் வெளியே இருந்தா முறிஞ்சுபோயிரும்"னார். ஆறு பக்கம் வச்ச கூடு. டிசம்பர் ஆனா இங்க வீடுகள்ல தொங்குற கிறிஸ்துமஸ் ஸ்டார், இலங்கையில வெசாக்குக்குக் கட்டுற கூடு எல்லாத்துக்கும் இதே முறைதான். குச்சியில உருவம், மேல காகிதம்.

ஒட்ட மைதாப் பசை காய்ச்சினேன். பூச்சி வராம இருக்க இதுல மயில்துத்தம் கலக்கிற வழக்கம் உண்டு. அது காப்பர் சல்பேட். விஷம். குழந்தை கை வைக்கிற பசையில கண்டிப்பா வேண்டாம். அன்னன்னைக்குக் காய்ச்சிக்கோங்க.

உள்ளே என்ன விளக்குன்னு நான் யோசிக்கவே இல்லை. சின்ன எல்.இ.டி. பல்புதான். காகிதம் ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸ்ல பத்திக்கும். அகல் சுடர் அதைவிடப் பல மடங்கு சூடு. காத்துல கூடு ஒருமுறை ஆடினா போதும்.

அகல் ஏத்த வேண்டாம்னு நான் சொல்லலை. ஏத்துங்க. காட்டன் துணி போடுங்க. வரிசையைத் தாண்டிக் கை நீட்டாதீங்க. பக்கத்துல ஒரு வாளி தண்ணி இருக்கட்டும். அப்படியும் பட்டுடுச்சுன்னா:

- ஓடும் குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. கடிகாரம் பார்த்து 20. சுட்டு மூணு மணி நேரம் வரைக்கும் இது பலன் தரும்.
- ஐஸ் வேண்டாம். மலைக்குளிர்ல குழந்தையை முழுசா நனைக்க வேண்டாம். காயத்தை மட்டும் நனைச்சு, மத்த உடம்பைப் போர்த்தி வைங்க.
- வீங்குறதுக்கு முன்னாடியே வளையல், மோதிரம் கழட்டிடுங்க. தோல்ல ஒட்டின துணியைப் பிய்க்காதீங்க.
- டூத்பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவாதீங்க. சுத்தமான துணியால மூடி எடுத்துட்டு வாங்க. பெரிய காயம்னா 108.

இந்த வருஷக் கார்த்திகைக்கு வருவோம்.

பாப்பா ஒரு வருஷமா விளக்குப் பக்கமே போகலை. கரண்ட் போனா மெழுகுவத்தி ஏத்தக் கூட விட மாட்டாளாம், அவ அம்மா சொன்னாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அம்மா, பாட்டி, அவ மூணு பேரும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. அவ வாசல் தூணுக்குப் பின்னாடியே நின்னா.

"இதுல நெருப்பு இல்லடா"ன்னேன்.

"தொட்டுப் பாக்கலாமா மிஸ்?"

"நீதானே செஞ்ச. தொடு."

வலது கையால சுவிட்சைப் போட்டா. பனிக்குள்ள மஞ்சளா ஒரு வெளிச்சம். சில்வர் ஓக் இலை நிழலா தெரிஞ்சுது. வாழை நார் ஒவ்வொண்ணும் தெரிஞ்சுது. அப்ப அவ கூட்டுக்குக் கிட்டப் போய், "மிஸ், இங்க எழுத்து இருக்கு"ன்னா.

மிக்ஸியில அரையாம தப்பிச்ச ஒரு துண்டு. நீல மை, என் கையெழுத்து. இங்கிலீஷ்ல ஒரே ஒரு வார்த்தை: ரெஃபர்.

ஒவ்வொரு பாடத்துலயும் கடைசி வரியா நான் எழுதி வச்சிருந்த வார்த்தை அது. சர்ஜனுக்கு ரெஃபர் பண்ணு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணு. எத்தனை வருஷமா அதை என் தோல்வியாவே பார்த்திருக்கேன்! அந்த ராத்திரி கழுவி, ட்ரிப் போட்டு, நேரத்துக்கு ரெஃபர் பண்ணினதாலதான் கீழே இருந்த சர்ஜனுக்கு அந்தக் கையைக் காப்பாத்த முடிஞ்சுது. திரும்பி வந்த கைக்கு இங்க ஒரு வருஷ வேலை இருந்தது. அதுக்கு மலை மேல யாராவது இருக்கணும்ல?

பி.ஜி. வேண்டாம்னு பெருமை பேச வரலை. மலைக்கு சர்ஜன் வேணும். கண்டிப்பா வேணும். படிக்கிற தம்பி தங்கைகள் நல்லா படிச்சு வாங்க. நான் அஞ்சாவது முறை எழுதுவேனான்னு இன்னும் முடிவு பண்ணலை. நோட்ஸ்ல தீக்காயப் பாடம் மட்டும் கிழிக்காம டியூட்டி ரூம் மேஜையில இருக்கு. அது தினம் தேவைப்படுது.

பாப்பா அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "அப்படின்னா என்ன மிஸ்?"ன்னு கேட்டா.

"ஒருத்தரால மட்டும் முடியாதப்ப அடுத்தவங்க கையில ஒப்படைக்கிறது"ன்னேன்.

தலையாட்டிட்டு, விளக்கை அணைச்சு அணைச்சுப் போட ஆரம்பிச்சுட்டா. வலது கைக் கட்டைவிரலால. நான் எண்ணிக்கிட்டே நின்னேன். இருபதைத் தாண்டினப்ப பாட்டி, "பல்பு பியூஸ் போயிரும்டி"ன்னு அதட்டினாங்க.

அது பிசியோதெரபி பாட்டி, விடுங்க.

எல்லார் வீட்டுலயும் விளக்கு எரியட்டும். வாளித் தண்ணியை மறந்துடாதீங்க.